கொடிக்கயிறு கட்டிய ரூபவாஹினிப் பைப்

திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்தில் ஒரு வீட்டு மட்டுப்பாவில் இரண்டு அங்குல ஜி.ஐ. பைப் ஒன்று நிற்கிறது. மட்டுப்பா என்றால் மொட்டைமாடி. திருவனந்தபுரத்திலும் நாஞ்சில் நாட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். பைப் மூன்று ஆள் உயரம் இருக்கும். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. உச்சியில் ஒன்றும் இல்லை. தலை உயரத்தில் ஒரு நைலான் கயிறு கட்டி, எதிர்ச் சுவர்க் கொக்கி வரை இழுத்திருக்கிறார்கள். ஒன்பது கஜம் புடவை நீளமாகக் காய அந்தத் தெருவில் இதைவிட நல்ல கொடி கிடையாது என்று வீட்டு மாமி சொன்னார்.

அதைக் கொடிக்கம்பம் என்று மட்டும் அவர் சொல்வதில்லை. "ரூபவாஹினிப் பைப்" என்கிறார். ஒரு காலத்தில் இதன் மேல் இன்னொரு மெல்லிய பைப் சொருகியிருந்ததாம். அதன் உச்சியில் மீன்முள் மாதிரி அலுமினிய ஆண்டெனா, மூன்று திசையிலும் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி. மேல் பைப் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. ஸ்டே கம்பி கட்டிய ஒரு வளையம் மட்டும் பக்கத்து வீட்டுச் சுவரில் துருவேறி இருக்கிறது. அக்ரஹாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. தன் வீட்டுக் கூரைமேல் நிற்கும் கம்பத்துக்குப் பக்கத்து வீட்டாரின் சம்மதமும் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டாரும் சம்மதித்தார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் உட்காரப் பாய் போடுவதாக இருந்தால்.

இலங்கையின் ரூபவாஹினி ஜப்பான் உதவியுடன் 1982 பிப்ரவரி 15-இல் தொடங்கியது. முக்கிய ஒளிபரப்பி அந்தத் தீவின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில். அதே 1982-இல் தூர்தர்ஷனும் திருவனந்தபுரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அது டெல்லி நிகழ்ச்சிகளின் அஞ்சல். குடப்பனக்குன்னிலிருந்து மலையாள நிகழ்ச்சிகள் 1985 ஜனவரி 1-இல்தான் தொடங்கின. தமிழுக்கு அதிலும் இடமில்லை. கரமனைக்காரர்களுக்கு இலங்கை வானொலியின் கே.எஸ். ராஜா குரலும் அப்துல் ஹமீது குரலும் ஏற்கெனவே வீட்டு ஆட்களின் குரல் மாதிரி. குரல் வருகிற திசையிலிருந்து படமும் வருகிறது என்றால் பைப் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போகாமல் இருப்பார்களா?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பிதுருதலாகலைக்கும் கரமனைக்கும் நடுவே ஏறக்குறைய 450 கிலோமீட்டர். தொலைக்காட்சி அலை, வானொலியின் சிற்றலை போல வானத்தில் முட்டித் திரும்பி வராது; கண் பார்வை போல நேர்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. அவ்வளவு உயர மலையில் ஒளிபரப்பி இருந்தாலும், அறுபது அடி உயரத்தில் ஆண்டெனா வைத்தாலும், கணக்குப்படி சுமார் 225 கிலோமீட்டரோடு அடிவானம் முடிந்துவிடும். மிச்சம் 225 கிலோமீட்டரை யார் தாண்ட வைத்தது? மன்னார் வளைகுடா. கோடையில் கடலை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேல் உள்ள அடுக்கு சூடாகவும் இருக்கும் நாட்களில், கடலுக்கும் அந்தச் சூடான அடுக்குக்கும் நடுவே அலை சிக்கிக்கொண்டு, பூமியின் வளைவோடு சேர்ந்து வளைந்து, வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது போல ஓடிவரும். அதனால்தான் ஒரு நாள் பளிச்சென்று படம், மறுநாள் வெறும் பொரி. தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில்காரர்களுக்கும் இதே கதைதான். ஆனால் அவர்களுக்கும் கடலுக்கும் நடுவே மலை இல்லை. கரமனைக்கு இருக்கிறது.

வரைபடத்தில் அளவுகோல் வைத்து கரமனைக்கும் பிதுருதலாகலைக்கும் கோடு கிழித்துப் பார்த்தேன். கோடு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தொடுகிற இடம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வடக்கே, மகேந்திரகிரிக்குத் தெற்கே. இன்று காற்றாலைகள் வரிசையாக நிற்கிற அந்த இடைவெளிக்குப் பக்கமாகத்தான் இலங்கைப் படமும் உள்ளே வந்திருக்க வேண்டும். மட்டுப்பாவில் நின்று பைப்பைத் திருப்பியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. கையால் திருப்பித் திருப்பி, படம் தெளிந்த இடத்தில் நிறுத்திக் கட்டினார்கள்.

திருப்புவதும் சாதாரண வேலை இல்லை. கரமனை வீடுகள் அகலம் குறைவு, நீளம் அதிகம்; வாசலில் ஒரு சொல் சொன்னால் கொல்லைக்குப் போய்ச் சேராது. மேலே பைப்பைப் பிடித்தவர் ஒருவர், கூடத்தில் டி.வி. முன் ஒருவர், நடுவே மாடிப்படியில் நின்று இரண்டு பக்கமும் செய்தி கடத்த ஒரு பையன். "வந்தாச்சு" என்ற சொல் மேலே போய்ச் சேருவதற்குள் பைப் இன்னும் நாலு விரற்கடை திரும்பி, படம் போய்விட்டிருக்கும். பையனுக்கு இரண்டு பக்கமும் திட்டு.

அந்த மீன்முள் ஆண்டெனாவுக்கு ஜப்பானியப் பெயர் உண்டு: யாகி-உடா. தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷிந்தாரோ உடாவும் ஹிதெத்சுகு யாகியும் 1926-இல் உலகுக்குச் சொன்னது. சொந்த நாட்டில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது, பிரிட்டிஷ் ரேடார் குறிப்புகள் ஜப்பான் ராணுவத்தின் கையில் சிக்கின. அதில் அடிக்கடி வந்த 'யாகி' என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் பிடிபட்ட ஆங்கிலேயரிடமே கேட்டிருக்கிறார்கள். "அது உங்கள் ஊர் பேராசிரியர் பெயர்" என்று பதில் வந்ததாம். ஜப்பான் கட்டிக்கொடுத்த நிலையத்தின் படத்தை ஜப்பான் கண்டுபிடித்த ஆண்டெனாவில் கரமனை பார்த்தது.

ஆண்டெனாவுக்கு இப்படிக் கண்டுபிடித்தவர் பெயர் உண்டு, சூத்திரம் உண்டு, அச்சடித்த கையேடு உண்டு. அது நிற்கும் கம்புக்கு எதுவும் கிடையாது. கம்பியில்லா உலகத்தின் கதை முழுவதும் கடைசியில் ஒரு கம்பின் மேல்தான் நிற்கிறது. ஆனால் அந்தக் கம்பை மட்டும் பொறியாளர் யாரும் வரைந்து தருவதில்லை. அது வீட்டுக்காரர் பாடு, இல்லாவிட்டால் ஏணியோடு வருகிற பையன் பாடு. பெரிய மனிதர்களுக்கும் இதே நிலைமை வந்திருக்கிறது. 1901 டிசம்பர் 12-இல் மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த சமிக்ஞையை நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டபோது, அவருடைய ஆண்டெனாக் கம்பியைத் தாங்கியது கோபுரமல்ல, ஒரு காற்றாடி. பலூனைக் காற்று அடித்துக்கொண்டு போனதால் கடைசி நேரத்தில் பறக்கவிட்டது.

நம் நாட்டில் இதைவிட நல்ல உதாரணம் உண்டு. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளிலிருந்து ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக டி.வி. காட்டினார்கள். அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் அதற்காகச் செய்த மூன்று மீட்டர் குழியாடித் தட்டில் விரித்திருந்தது கோழிக்கூட்டு வலைக் கம்பி. சிரிப்பதற்கில்லை. அந்த அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவான ஓட்டையை அலை ஓட்டையாகவே பார்க்காது, முழுத் தகடாகத்தான் பார்க்கும். ஓட்டை வழியே காற்று போய்விடும் என்பது கூடுதல் லாபம். தும்பாவில் ராக்கெட் ஏவும் ஊரின் இன்னொரு மூலைதான் கரமனை. அறிவியல் கோழி வலையில் இறங்கி வந்ததைப் பற்றி இந்த ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

1990களில் கேபிள் வந்தது. ஏசியாநெட் மின்வாரியத் தூண்கள் மீது கேபிள் இழுத்து வீட்டுக்குள் கொண்டுவந்ததும் மட்டுப்பாவின் பைப்புகளுக்கு வேலை போயிற்று. பிறகு டி.டி.எச். தட்டு. அதற்குப் பெரிய கம்பமே வேண்டாம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். செயற்கைக்கோள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கிறது. 93.5 பாகை கிழக்கில் இருக்கிற கோளைத் திருவனந்தபுரத்திலிருந்து பார்க்க 68 பாகை நிமிர்ந்து பார்க்க வேண்டும். இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு துண்டு வானம் தெரிந்தால் போதும்.

இப்போது வந்திருக்கிற பெட்டிகள் அப்படியல்ல. 2023 ஆகஸ்டில் ஏர்டெல், செப்டம்பரில் ஜியோ என்று ஏர்ஃபைபர் சேவைகள் தொடங்கின. பி.எஸ்.என்.எல். அதற்கு முன்பே ரேடியோ வழி இணைப்பு கொடுத்து வந்தது. மாடியில் ஒரு வெள்ளைப் பெட்டி, கீழே ரவுட்டர், நடுவே ஒரு கேபிள். அந்தப் பெட்டி வானத்தைப் பார்ப்பதில்லை. அரைக் கிலோமீட்டரோ இரண்டு கிலோமீட்டரோ தள்ளி இருக்கிற கோபுரத்தைக் கிடைமட்டமாகப் பார்க்கிறது. கேரளத்தில் கிடைமட்டமாக எதைப் பார்த்தாலும் நடுவே தென்னை இருக்கும்.

தென்னையை மறைக்கிற மரம் என்று மட்டும் எண்ணினால் தப்பு. இரண்டு ஆண்டெனாக்களுக்கு நடுவே அலை ஒரு நூல் போலப் போவதில்லை. நடுவில் பருத்த முருங்கைக்காய் வடிவத்தில் போகிறது. ஒரு கிலோமீட்டர் தூரம், 5.8 கிகாஹெர்ட்ஸ் என்றால் நடுப்பகுதியில் அதன் பாதித் தடிமன் 3.6 மீட்டர். கண்ணுக்குக் கோபுரம் தெரிந்தாலும், பக்கத்தில் ஆடும் ஓலை அந்த முருங்கைக்காயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருக்கும். உலர்ந்த ஓலை பரவாயில்லை. மழையில் நனைந்த ஓலை தண்ணீரைப் போர்த்திக்கொண்ட சுவர். ஜனவரியில் மாட்டிய பெட்டி ஜூனில் முரண்டு பிடிப்பதற்கு இது ஒரு காரணம். மரம் வளர்வது இன்னொன்று. பெட்டி மாட்ட வருகிறவர்கள் மரத்தின் இன்றைய உயரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

அப்படியானால் இன்னும் உயரமாகப் பைப் நட்டால் என்ன? சட்டம் ஒரு அளவு சொல்லியிருக்கிறது. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையை உரிமம் இல்லாமல் வெளியிலும் பயன்படுத்த மத்திய அரசு அனுமதித்தபோது, ஆண்டெனா கட்டடக் கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதி வைத்தது. மூன்று ஆள் உயரம். மாமி வீட்டுப் பைப்பின் மிச்சம் அந்த அளவுக்குத்தான் இருக்கிறது, தற்செயல்தான்.

சட்டத்தைவிடக் கறாரான ஆள் காற்று. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 திருவனந்தபுரத்துக்கு வைத்திருக்கிற அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். சென்னைக்கு 50. சென்னை அளவுக்கு இல்லையே என்று நிம்மதிப்பட வேண்டாம். அந்த 39 மீட்டர் காற்றில் 60 சென்டிமீட்டர் தட்டு ஒன்றின் மீது விழும் விசை சுமார் 30 கிலோ. மூன்று மீட்டர் பைப்பின் உச்சியில் கயிறு கட்டி ஒரு சிறுவன் தொங்கிப் பக்கவாட்டில் இழுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இழுப்பு முழுவதும் கீழே இருக்கும் இரண்டு ஆங்கர் போல்ட்டில் நெம்புகோலாக இறங்கும். போல்ட் எங்கே இருக்கிறது? நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரில், பெரும்பாலும் செங்கல்லில்கூட இல்லை, மேல் பூச்சில். 2017 நவம்பர் 30-இல் ஓகிப் புயல் இந்தக் கரையோரமாகப் போனபோது கிட்டத்தட்ட அந்தச் சோதனைதான் நடந்தது.

சுவரைத் துளைக்கப் பயந்தவர்கள் பெயிண்ட் வாளியில் கான்கிரீட் ஊற்றிப் பைப்பை நட்டு வைக்கிறார்கள். இருபது லிட்டர் வாளி நிறைந்தால் 48 கிலோ. தூக்க முயன்றவர்களுக்கு அது மலை. காற்றுக்கு அப்படியில்லை, ஏனென்றால் வாளியின் அடி ஒரு அடி அகலம்தான். ஒரு மீட்டர் உயரத்தில் உள்ளங்கை மாதிரி சின்னப் பெட்டி என்றால் வாளி தாங்கும். தட்டு வைத்தால் கவிழும். வாளியின் எடையை மூன்று மடங்காக்குவதைவிட, அதே எடையைச் சிலுவைச் சட்டத்தின் நான்கு முனைகளில் பரப்பி வைப்பது மேல். கோவில் தேரின் அடி ஏன் அகலம் என்று கேட்டவருக்கு இது புதிதல்ல.

கேரளத்துக்கே உரிய இன்னொரு தொல்லை ட்ரஸ். கான்கிரீட் மட்டுப்பா ஒழுகுகிறது என்று அதன் மேல் இரும்புச் சட்டம் அடித்துத் தகரம் போடுவார்கள்; நகரம் பாதி அந்தச் சிவப்பு, நீலத் தகரத்தின் கீழ்தான் இருக்கிறது. தகரத்துக்குக் கீழே பெட்டி வைத்தால் அலை வராது. மேலே வைக்கத் தகரத்தைத் துளைக்க வேண்டும், துளைத்தால் ஒழுகும், ஒழுகக் கூடாது என்றுதான் தகரமே போட்டது. ட்ரஸ்ஸின் ஓரச் சட்டத்தில், கூரை விளிம்புக்கு வெளியே யூ கிளாம்ப் போட்டு எழுப்புவதுதான் விவரம் தெரிந்தவர்கள் செய்வது. விளிம்பில் நின்று அதைச் செய்கிற பையனின் இடுப்பில் பெல்ட் இருக்கிறதா என்று வீட்டுக்காரர் கேட்க வேண்டும். யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

காற்றுக்குத் தப்பியது துருவுக்குத் தப்பாது. கடல் சில கிலோமீட்டரில். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும் குணமுள்ளது. ஆனால் அறுத்த முனையிலும் துளையிட்ட இடத்திலும் பூச்சு இல்லை. பைப்பின் வாய் திறந்திருந்தால் மழை உள்ளே இறங்கி, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரித்துவிடும். ஒரு பிளாஸ்டிக் மூடி போதும். சிரட்டையைக் கவிழ்த்தாலும் போதும். கேபிள் கட்டும் வெள்ளை நைலான் டேக் வெயிலில் ஓரிரு வருடத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கும். கருப்பு டேக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். நேராக இழுத்துக் கட்டினால் தண்ணீருக்கு அதுவே வழி. இவற்றில் எதற்கும் நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. காக்கைக்கு மட்டும் மருந்து இல்லை. அமாவாசைக்குப் பிண்டம் வைத்துக் கூப்பிடுகிறவர்கள், மறுநாள் அது ஆண்டெனாமேல் உட்கார்ந்தால் விரட்ட முடியுமா?

முறையாகச் செய்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தேனியைப் பார்க்கலாம். அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவும் சேர்ந்து, 2005 வாக்கில், தேனியைச் சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை நிலையங்களைச் சாதாரண வைஃபை அட்டைகளால் மருத்துவமனையோடு இணைத்தார்கள். வீட்டுக்குள் முப்பது மீட்டர் போகிற வைஃபை, உயரக் கம்பத்தில் திசை ஆண்டெனாவோடு பல கிலோமீட்டர் போயிற்று. நோயாளி தன் ஊரில் உட்கார்ந்து திரையில் டாக்டரிடம் பேசினார். பதில் சமிக்ஞைக்காக வைஃபை காத்திருக்கும் நேரம் அந்தத் தூரத்துக்குப் போதாமல், மென்பொருளையே மாற்றி எழுதினார்கள். ஆனால் வேலை தொடங்கிய பிறகு குழுவை அதிகம் படுத்தியது ரேடியோ அல்ல, ஊர் மின்சாரம், எகிறும் மின்னழுத்தம். அதற்கு முன்பே சென்னை ஐ.ஐ.டி.யின் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் தொழில்நுட்பத்தில், கிராமத்துக் கூரையில் நட்ட கம்பத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்த கோபுரத்தோடு தொலைபேசியும் வினாடிக்கு 35 கிலோபிட் இணையமும் ஓடின. இரண்டு இடத்திலும் கம்பத்தை அமைப்பின் ஒரு பாகமாகக் கணக்கில் எடுத்தார்கள். வீட்டு மாடிக்கு வரும்போதுதான் அது கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது.

விளையாட்டாகப் பேசக் கூடாத இடம் ஒன்று உண்டு. குறுகிய தெருக்களில் மின்கம்பி மட்டுப்பாவுக்குக் கை எட்டும் தூரத்தில் போகிறது. ஆறு மீட்டர் ஜி.ஐ. பைப்பைப் படுக்க வைத்திருக்கும்வரை அது பைப். நிமிர்த்தும்போது முனை எந்த வட்டத்தில் சுற்றி வரும் என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் கம்பி இருந்தால் அங்கே பைப் நடக் கூடாது, வேறு மூலை தேட வேண்டும். ரப்பர் செருப்பு போட்டிருக்கிறேன் என்ற தைரியம் 11,000 வோல்ட்டிடம் செல்லாது. இடி அடுத்தது. ஐப்பசியில், துலாவர்ஷம் என்று இவர்கள் சொல்கிற மழையில், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்துவிட்டால் பைப்பை யாரும் தொட வேண்டாம். பைப்பின் அடியிலிருந்து செம்புக் கம்பி இறக்கித் தனியாக எர்த் குழி போட்டிருந்தால்கூட, பெட்டிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிள் வழியாக மின்னல் ரவுட்டர் வரை வந்து தாக்கும். அந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி வைப்பதைவிட மலிவான பாதுகாப்பு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கரமனையில் வயதானவர்கள் ரூபவாஹினிக் காலத்தில் ஆண்டெனா ஒயரையே கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவார்களாம்.

நான் போயிருந்த அன்று மாமி வீட்டுக்கும் ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது. மாட்ட வந்த பையன் களியக்காவிளைப் பக்கம். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் பேசினான். புதுப் பைப் நட இடம் தேடிச் சுற்றிவிட்டு, பழைய பைப்பைத் தட்டிப் பார்த்தான். வளையத்தை ஆட்டிப் பார்த்தான்.

"இது நல்ல கெட்டி பைப்பாக்கும் மாமி. இப்ப இந்தக் கனத்துல கிட்டாது. இதுலயே மாட்டிரட்டா?"

"மாட்டு. கயித்தை அவுக்காதே."

அவன் கைபேசியில் சிக்னல் பார்த்தான். பெட்டியைக் கயிற்றுக்கு ஒரு சாண் கீழே வைத்து யூ கிளாம்ப்பை முறுக்கினான். கோபுரம் தெரிந்தது, நாலு கோடும் வந்தது. அப்போதுதான் துவைத்த புடவையை மாமி நாலாக மடித்துக் கயிற்றில் போட்டார். கோடு ஒன்றாயிற்று. பையன் மாமியைப் பார்த்தான், புடவையைப் பார்த்தான், எதுவும் சொல்லாமல் ஸ்பேனரை எடுத்து கிளாம்ப்பைத் தளர்த்தி, ஏணியில் மூன்று படி ஏறினான்.

"வந்தாச்சா?" என்று கீழே பார்த்துக் கேட்டார் மாமி. கூடத்திலிருந்து பேரனின் குரல் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.